அந்த இடத்தில் சாலை சமதளம்

பிப்ரவரி 6

மதிப்புக்குரிய சர்வேயர் அவர்களுக்கு,

உங்களுக்கு என்னைத் தெரியாது. என் அப்பாவைத் தெரியும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தலைவர் சுடப்பட்ட அன்று அவருடைய காரை ஓட்டியவர் அவர்தான். உங்கள் புத்தகத்தில் அவருக்கென்று ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

நான் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் பயிற்சிக்கு வரும் ஒருவர் போன வாரம் உங்கள் புத்தகத்தோடு வந்தார். "இதைப் படிச்சீங்களாம்மா? டிரைவரே காட்டிக் குடுத்திருக்கான்" என்றார். அவர் காலை மடக்கி நீட்டிக்கொண்டே, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "சும்மா சொல்லலைம்மா, அளந்து எழுதியிருக்கார். சர்வேயராம்" என்றார். அன்றைக்கு அந்தக் காலை நான் கொஞ்சம் அதிகமாகவே மடக்கிவிட்டேன்.

வாங்கிப் படித்தேன். "அந்த இடத்தில் சாலை சமதளம். முன்னால் சென்ற காவல் வண்டி வேகம் குறையாமல் கடந்திருக்கிறது. பின்னால் வந்த ஓட்டுநர் மட்டும் நடக்கும் வேகத்துக்கு இறங்கினார். எதிர்மாடி ஜன்னலிலிருந்து குறிபார்க்க வசதியான இடம் அது ஒன்றுதான். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை." சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியதில்லை என்று எழுதுவது நல்ல வித்தை.

சுட்டவன் சிறையில் வாய் திறக்காமலே செத்துப்போனான். அப்பாவைச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தார்கள். அந்தப் பலனை எங்கள் வீடு எப்படி அனுபவித்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அப்பாவை நம்பி யாரும் ஒரு வண்டிச் சாவியைக் கொடுக்கவில்லை. ஊரை மாற்றினோம். புது ஊரிலும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். அப்பா ஒரு கிடங்கில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றார். இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் டிரைவர் முகம் தெரியாத கடைசி இருக்கையில்தான் உட்காருவார்.

எண்பது தாண்டிவிட்டது. இதயம் பலவீனம். மூன்றாம் பதிப்பு வரப்போகிறது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறீர்கள். அதில் அந்த அத்தியாயம் இருக்கக் கூடாது. என் அப்பா தலைநிமிர்ந்து சாக வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஓட்டுநரின் மகள்

பிப்ரவரி 15

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கோபம் நியாயமானது. ஆனால் கோபத்துக்காக ஒரு அத்தியாயத்தை எடுக்க முடியாது.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கொலை நடந்து சில வாரங்களில் விசாரணைக் கமிஷன் அந்தத் தெருவுக்கு வரைபடம் கேட்டது. சர்வே அலுவலகத்தில் அப்போது நான்தான் இளையவன். வெயிலில் நிற்க ஆள் வேண்டும், அனுப்பினார்கள். சங்கிலி, மட்டக் கருவி, அளவுகோல் எல்லாம் வைத்து அந்தத் தெருவை நான் அளந்ததுபோல் அதற்கு முன்னும் பின்னும் எந்த இடத்தையும் அளந்ததில்லை. ஒரு பெரிய மனிதர் விழுந்த இடம். கை நடுங்கக் கூடாது என்று காலையில் டீகூடக் குடிக்கவில்லை. "சாலை சமதளம்" என்று அந்தப் படத்தில் எழுதியது என் கை.

பணி ஓய்வுக்குப் பிறகு, இந்த வழக்கில் மனம் ஒட்டிக்கொண்ட சிலர் சேர்ந்து ஒரு வட்டமாக இயங்குகிறோம். யாரும் எங்களுக்குச் சம்பளம் தருவதில்லை, யாரும் அழைக்கவும் இல்லை. மருந்துக்கடை வைத்திருந்த நண்பர் ஒருவர் பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துக்கொள்கிறார். கணக்கு டீச்சர் ஒருவர், கொலை நடந்தபோது பால்கனியிலிருந்து யாரோ எடுத்த மங்கலான சினிமாச் சுருளை ஒவ்வொரு படமாக ஆராய்கிறார். ஆண்டுக்கொருமுறை ஒரு நூலகத்தின் மாடியில் கூடிப் பேசுவோம். என் மனைவியிடம் யாராவது என்னைக் கேட்டு வந்தால், "அந்தத் தெருவுல எங்கயாவது குனிஞ்சு நிப்பார், போய்ப் பாருங்க" என்பாள்.

உங்கள் தந்தை கமிஷனில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "பள்ளம் இருந்தது, மெதுவாகப் போனேன்." கமிஷன் உறுப்பினர்கள் நேரில் வந்து பார்த்தார்கள், பள்ளம் இல்லை. நான் அளந்தேன், பள்ளம் இல்லை. அவரிடம் நீங்களே கேளுங்கள். ஏன் மெதுவாகப் போனார்? அதற்கு நம்பும்படியான பதில் கிடைத்தால், என் அத்தியாயத்தை நானே கிழித்துப்போடுகிறேன். அச்சகத்துக்கு ஏப்ரலில் கொடுக்க வேண்டும்.

பணிவுடன்,
சர்வேயர்

பிப்ரவரி 24

சர்வேயர் சாருக்கு,

கேட்டேன். அப்பா துணி மடித்துக்கொண்டிருந்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஒரு சுருக்கம் இல்லாமல் மடிப்பார். உங்களுக்கு அவரைப் பிடித்திருக்கும். "பள்ளம்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க" என்றார். "அது மட்டும்தானாப்பா?" என்றேன். அடுத்த துணியை எடுத்துக்கொண்டார். இத்தனை வருடமும் இதுதான். அம்மா உயிரோடு இருந்தவரை கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை.

விடுங்கள். இன்னொரு விஷயம். உங்கள் புத்தகத்தில் நண்பர் மருந்துக்கடைக்காரர் எழுதிய "மறைத்து அணிந்த கவசம்" அத்தியாயத்தையும் படித்தேன். தலைவரின் சட்டைக்குள் இடுப்பைச் சுற்றி அகலமான பட்டை இருந்ததாம், அதற்குள் உலோகத் தகடுகள் இருந்தனவாம், ஆகவே தமக்கு ஆபத்து என்று அவருக்கு முன்பே தெரிந்து ரகசியமாகக் கவசம் அணிந்திருந்தாராம். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த நர்ஸ் என்ன என்று கேட்டாள், அவளும் சிரித்தாள்.

சார், தகடுகள் முதுகுப் பக்கம் செங்குத்தாக இருந்தன என்று அறிக்கையிலேயே இருக்கிறது. முன்னால் வயிற்றுக்கு மெத்தை, பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் வார். துப்பாக்கிக்குப் பயந்தவன் நெஞ்சைத் திறந்து போட்டுவிட்டு இடுப்பையா மூடுவான்? இது நான் வாரத்துக்கு நாலு பேருக்குக் கட்டிவிடும் பட்டை. முதுகுத்தண்டில் வட்டு, அதாவது டிஸ்க், நழுவியவர்களுக்குக் கொடுப்பது. அந்தக் காலத்தில் தகடு இரும்பு, இப்போது பிளாஸ்டிக், அவ்வளவுதான் வித்தியாசம். இதைக் கண்டுபிடிக்க உங்கள் வட்டம் இத்தனை வருடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியதில்லை, முதுகுவலிக்காரர் ஒருவரைச் சேர்த்திருந்தால் போதும்.

சிரித்து முடித்தபின்தான் உறைத்தது. இந்த அளவுக்குப் பட்டை போட்ட ஒருவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போவது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வண்டி லேசாகக் குலுங்கினால் போதும், கத்தியால் குத்தியதுபோல் இருக்கும் என்று என் நோயாளிகள் அழுவார்கள். வீட்டுக்கு வந்ததும் சும்மா கேட்பதுபோல், "தலைவருக்கு முதுகுவலி இருந்துச்சாப்பா?" என்றேன்.

அப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. "யார் சொன்னது? நான் சொல்லலை. நான் யார்கிட்டயும் சொல்லலை" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். குற்றவாளிக் கூண்டில் நின்றபோதுகூட இப்படிப் பயந்திருக்க மாட்டார்.

சார், எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. என் அப்பா ஒரு ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். சொந்தப் பெயரை அடகு வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

ஓட்டுநரின் மகள்

மார்ச் 5

அம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, எனக்குத் தெரிந்த எலும்பு டாக்டர் ஒருவரிடம் போனேன். யாருடையது என்று சொல்லாமல் வர்ணனையை மட்டும் வாசித்துக் காட்டினேன். முதல் வரி முடியும் முன்பே, "இடுப்புப் பட்டை. யாருக்கு, உங்களுக்கா?" என்றார். கவச அத்தியாயம் போய்விட்டது. மருந்துக்கடைக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. வட்டத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அவர் அந்த அத்தியாயத்தைத் தம் பேரப்பிள்ளையைப் போல் தூக்கிக்கொண்டு திரிகிறவர்.

அந்த உடம்போடு தலைவர் மணிக்கணக்கில் மேடையில் நின்று பேசினார். நானே கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட ஒரு கையை இடுப்பில் வைத்ததில்லை. இதை நினைத்து இரண்டு நாளாக எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஆனால் அம்மா, நான் கறாராகத்தான் பேச வேண்டும். வலி இருந்தது, சரி. குலுங்கினால் தாங்காது, சரி. குலுங்க அங்கே என்ன இருந்தது? சமதளத்தில் எந்த முதுகும் வலிக்காது. பள்ளம் வேண்டும். பள்ளம் இல்லை. என் ஆயுளில் நான் நிச்சயம் என்று சொல்லக்கூடியவை மிகக் குறைவு, அந்தப் படம் அதில் ஒன்று. அதை உங்களுக்காக மாற்றச் சொன்னால் என்னால் முடியாது.

சர்வேயர்

மார்ச் 21

அம்மா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். நேராகச் சொல்கிறேன். உங்கள் தந்தை சொன்னது உண்மை. பள்ளம் இருந்தது. நான் அதைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தத் தெருவில் கழிவுநீர்க் குழாய் பதிக்கத் தோண்டுகிறார்கள். வழக்கம்போல் வேடிக்கை பார்க்கப் போனேன். குழியின் ஓரம் அடுக்கடுக்காகத் தெரிந்தது, பழைய நோட்டுப் புத்தகத்தின் விளிம்பைப் பார்ப்பதுபோல. ஒவ்வொரு முறை சாலை போட்டபோதும் முந்தினதன்மேலேயே போட்டிருக்கிறார்கள். அடுக்குகள் எல்லாம் நேர்கோடாக வருகின்றன. அடியில் இருப்பது மட்டும் ஓரிடத்தில் வளைந்து இறங்கி, பிறகு ஏறுகிறது. அந்த வளைவுக்குள் செங்கல் உடைசல்.

நான் ஏணியில் இறங்கிவிட்டேன். எஞ்சினியர் பையன், "பெரியவரே, மேல வாங்க, மண்ணு சரிஞ்சா யார் பதில் சொல்றது" என்று கத்தினான். உடைசலைக் கையால் பறித்தேன். உள்ளே கல் பாவிய வாய்க்கால், தெருவுக்குக் குறுக்கே. மழைத் தண்ணீர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடுவதற்காக யாரோ எப்போதோ கட்டியது. ஆழம் ஒரு உள்ளங்கை நீளம் இருக்கும். கற்கள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. எத்தனை சக்கரம் ஏறி இறங்கியிருக்க வேண்டும். அந்தக் காரின் சக்கரம் கடைசியாகத் தொட்ட கற்கள் அவை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே பஸ் ஓடுகிறது, ஹாரன் அடிக்கிறது, என் கைக்கடியில் அந்த நாள் அப்படியே கிடக்கிறது. கோயிலிலும் எனக்கு இப்படி இருந்ததில்லை.

எஞ்சினியர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "இது அவசரத்துல போட்டது சார். கல்லைக் கொட்டி மேல தாரை ஊத்தியிருக்காங்க, ரோலர்கூட சரியா ஓட்டலை" என்றான். எப்போது, எதற்கு என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். என் அலமாரியிலேயே விடை இருந்தது. தலைவரின் உடல் அந்தத் தெரு வழியாகத்தான் போயிற்று. "ஊர்வலப் பாதை ஒரே நாளில் செப்பனிடப்பட்டது" என்று அன்றைய பத்திரிகையில் ஒரு மூலைச் செய்தி. அதை வெட்டி எடுத்து ஒட்டி வைத்தவன் நானேதான். "கொலை நடந்த இடம்" கோப்பில் வைக்கவில்லை, "இறுதி ஊர்வலம்" கோப்பில் வைத்திருக்கிறேன். இரண்டு கோப்பும் ஒரே தட்டில், பக்கத்துப் பக்கத்தில். ஒன்றைத் திறக்கும்போது மற்றதைத் திறந்ததில்லை. சவ வண்டி குலுங்கக் கூடாது என்று பள்ளத்தை மூடியிருக்கிறார்கள். மூடியபின் நான் போய் மிகச் சரியாக அளந்திருக்கிறேன்.

சினிமாச் சுருளில் காவல் வண்டி அந்த இடத்தில் ஒரு துள்ளு துள்ளும். படம் எடுத்தவர் கை நடுங்கிவிட்டது என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். அவர் கை நடுங்கவே இல்லை. எதிர்க் கடைப் பெரியவரிடம் கேட்டேன், "இங்க ஒரு வாய்க்கால் இருந்துச்சா?" "ஆமா, இருந்துச்சு. அதுக்கென்ன இப்போ?" என்றார். கமிஷனோ நானோ அவரைக் கேட்டதில்லை. கோட்டு போட்டவர்களிடம் தானாகப் போய்ப் பேச அந்த நாளில் யாருக்குத் துணிவு இருந்தது.

காவல் வண்டி ஓட்டியவருக்குத் தன் வண்டி குலுங்கினால் ஒன்றுமில்லை. உங்கள் தந்தைக்குப் பின்னால் பட்டை கட்டிய ஒரு மனிதர் இருந்தார். நீங்கள் கொடுத்த பாதியும் நான் தோண்டிய பாதியும் சேர்ந்துவிட்டன. அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். சொன்ன சொல்.

இன்னொன்று இருக்கிறது, தனித் தாளில் எழுதியிருக்கிறேன். நீங்கள் மட்டும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

(தனித் தாள்)

சுட்டவன் அந்த மாடி அறையை முன்கூட்டியே வாடகைக்கு எடுத்திருந்தான். வாராவாரம் தலைவரின் கார் அந்த வழியாகக் கட்சி அலுவலகம் போகும். அவன் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். எல்லா வண்டியும் பள்ளத்தில் குலுங்கிக்கொண்டு ஓடுகிறது, ஒரே ஒரு கார் மட்டும் ஒவ்வொரு முறையும் நடக்கும் வேகத்துக்கு வந்து மெல்ல இறங்கி ஏறுகிறது. யாரும் அவனுக்குக் காட்டிக்கொடுக்கவில்லை. உங்கள் தந்தையின் அக்கறையைப் பார்த்துத்தான் அவன் இடம் குறித்திருக்கிறான்.

சர்வேயர்

மார்ச் 27

சார்,

முதல் தாள்களை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்று படித்தேன். அழுதேன். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஒரு அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, "நல்ல செய்திம்மா" என்றேன்.

பிறகு அந்தத் தனித் தாளைப் படித்தேன்.

அதை நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். படித்தபின் நான் படிக்காததுபோல் இருக்க முடியாது. அப்பாவைத் துரோகி என்றார்கள், அவர் தாங்கினார். அது பொய் என்று அவருக்குத் தெரியும், அதனால் தாங்க முடிந்தது. இது பொய் இல்லையே. அவர் அன்பாக ஒரு காரியம் செய்தார், அதை வைத்தே அவரை நம்பியவரைக் கொன்றார்கள் என்பதை இந்த வயதில், இந்த இதயத்தோடு, எந்த வாயால் சொல்வேன்?

சாலைத் தோண்டலை மட்டும் போடுங்கள். பள்ளம் இருந்தது, ஓட்டுநர் மெதுவாகப் போனார், அவர் மீது குற்றம் இல்லை. அதோடு நிறுத்துங்கள். இதை உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். நான் லேசில் கெஞ்சுகிறவள் இல்லை.

மகள்

மார்ச் 30

அம்மா,

நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. என் மனைவியும் உங்கள் பக்கம்தான். "பெரிய உண்மை விளம்பி வந்துட்டார்" என்று என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஆனால் தெரிந்ததில் பாதியை மட்டும் அச்சில் போட எனக்குக் கை வரவில்லை. மேலே தெரிந்த சாலையை மட்டும் பார்த்து எழுதியதால்தான் இவ்வளவும் ஆயிற்று. மறுபடியும் அதையே செய்யச் சொல்கிறீர்கள். நீங்களும் நானும் தீர்மானிக்கிற விஷயம் இல்லை இது. வாழ்ந்தவர் அவர். அவர் வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை வராது.

குழியை இந்தச் சனிக்கிழமை மூடிவிடுவார்கள். எஞ்சினியரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அந்த இடத்தில் மட்டும் இதுவரை குழாய் இறக்காமல் வைத்திருக்கிறான். அவரால் முடியுமானால் அழைத்து வாருங்கள். நான் அருகில் வர மாட்டேன். எந்த முகத்தோடு வருவது.

சர்வேயர்

ஏப்ரல் 4

சார்,

எதிர்க் கடை வாசலில் தூணுக்குப் பின்னால் குடையோடு நின்றது நீங்கள்தானே? வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அப்பா பார்த்துவிட்டு, "அந்தாள் யாரு, குடையை விரிக்காம ஒளியறான்" என்றார். நான் சொல்லவில்லை.

வாடகைக் காரில் வந்தோம். தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டார். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எந்த இடம் என்று நான் காட்ட வேண்டியிருக்கவில்லை. ஊரே மாறிவிட்டது, கடைகள், கட்டடங்கள், எல்லாம். அவர் நேராகப் போய் அங்கே நின்றார்.

எஞ்சினியர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அப்பா உட்கார்ந்து குழிக்குள் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் அழுவார் என்று நான் மாத்திரையைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். "இவ்வளவு சின்னதாவா இருந்துச்சு?" என்றார். அவர் கையை அகலமாக விரித்துப் பார்த்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவருக்குள் அது எவ்வளவு பெரிய பள்ளமாக ஆகியிருந்ததோ.

எனக்கு அங்கே பேச்சு வந்துவிட்டது. மறைக்க வேண்டும் என்று வந்தவள், மறைக்க முடியவில்லை. அந்த ஜன்னலைக் காட்டி, "அப்பா, அவன் அங்கிருந்து..." என்று ஆரம்பித்தேன். "தெரியும்மா" என்றார். "நான் மெதுவா போறதைப் பார்த்துத்தான் குறி வச்சான். சத்தம் கேட்ட அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். உங்கம்மாகிட்டகூட சொல்லலை. சொன்னா அவளும் சேர்ந்து சுமக்கணும்."

நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள். நானும் நீங்களும் மூச்சுப்பிடித்துக்கொண்டு தூக்கிவந்ததை, அவர் இத்தனை வருடம் துணி மடித்துக்கொண்டே சுமந்திருக்கிறார். இந்த மனிதரையா நான் காப்பாற்றக் கிளம்பினேன் என்று இருந்தது. "மறுபடி அந்த வண்டியை எங்கிட்ட குடுத்தாலும், அந்த இடம் வந்தா என் கால் பிரேக்குக்குத்தான் போகும். அதை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கும்" என்றார்.

புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் கேட்ட அனுமதியையும் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "போடச் சொல்லு. பள்ளத்தைப் போடட்டும். நான் மெதுவா போனதைப் பார்த்துத்தான் அவன் சுட்டான்னும் போடட்டும். முதுகுவலியை மட்டும் போட வேண்டாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பா, அது இல்லைன்னா காவல் வண்டி ஏன் மெதுவா போகலைன்னு கேப்பாங்க. பழையபடி உங்க மேலதான் வரும்" என்றேன். "வரட்டும்" என்றார்.

"அவர் எங்கிட்ட கேட்டுக்கிட்டார்மா. 'நான் நிக்கிறதை ஜனங்க பார்க்கணும், எனக்கு வலிக்கிறதை யாரும் பார்க்கக் கூடாது'ன்னார். உசிரோட இருந்து 'இனிமே சொல்லிக்கோ'ன்னா சொல்லலாம். இப்போ யார்கிட்ட போய்க் கேக்கறது?"

நான் வாதாடினேன். கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் அசையவில்லை. திரும்பும்போது காரில் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். டிரைவரிடம், "தம்பி, கிளட்ச் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டாதீங்க, தேய்ஞ்சுடும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அவர் தலைநிமிர்ந்து சாக வேண்டும் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். அதற்கு வேண்டியது இப்போது நம் கையில் இருக்கிறது, அதைத் தொடக் கூடாது என்கிறார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மகள்

ஏப்ரல் 19

அன்புள்ள மகளுக்கு,

குடையோடு நின்றது நான்தான். அவர் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று நூலக மாடியில் வட்டம் கூடியது. என் பழைய வரைபடத்தைச் சுவரில் மாட்டி, "சமதளம்" என்ற இடத்தைச் சிவப்பு மையால் அடித்தேன். குழியின் படங்களைக் காட்டினேன். கணக்கு டீச்சர் எழுந்து வந்து அந்தக் கல்லின் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு சுட்டவன் எப்படி இடம் குறித்தான் என்பதையும் சொன்னேன். கவச அத்தியாயத்தை நீக்குவதாகவும் சொன்னேன். மருந்துக்கடைக்காரர் காரணம் கேட்டார். தவறு என்று தெரிந்துவிட்டது, அதற்கு மேல் கேட்காதீர்கள் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் டீச்சர் கேட்டார். அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும், கணக்கில் ஓட்டையை விடுகிறவர் இல்லை. "பள்ளம் இருந்துச்சு, ஒத்துக்கறேன். முன்னாடி போன வண்டி அதுல குலுங்கிட்டே போயிடுச்சே. இவர் மட்டும் எதுக்கு ஒவ்வொரு தடவையும் அவ்வளவு மெதுவா போகணும்?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. இந்த ஒரு கேள்விக்காகத்தான் என் ஓய்வுக்காலம் முழுக்கச் செலவாகியிருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால் அந்த மாடியே எழுந்து நின்றிருக்கும், உங்கள் தந்தையின் பெயர் அந்தக் கணமே துலங்கியிருக்கும். "காரணம் தெரியும். சொல்ல எனக்கு உரிமை இல்லை" என்றேன்.

பின் வரிசையில் ஒருவர் சிரித்தார். "ஆதாரம் இல்லாம பேசாதேன்னு எங்களுக்குப் பாடம் எடுத்தவராச்சே" என்றார். வயதாகிவிட்டது என்றார் ஒருவர். ஓட்டுநர் வீட்டார் வந்து மனசைக் கரைத்துவிட்டார்கள் என்றார் மருந்துக்கடைக்காரர், நான் கேட்கும்படியாகவே. நான் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை போதும், எல்லாரும் வாயை மூடுவார்கள். அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று, கூண்டில் நின்றவரைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதிய எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

மூன்றாம் பதிப்பு அவர் சொன்னபடியே வரும். அப்பாவிடம் சொல்லுங்கள், நான் நின்றது ஒரு மாடியில், பத்துப் பேர் முன்னால், கொஞ்ச நேரம்தான். அதற்கே எனக்கு அளவுகோலின் துணை வேண்டியிருந்தது.

சர்வேயர்